கேட்டால்தான் நீங்கும் பதிவு

துன் நகரின் காணிப் பதிவகத்தில் வேலைசெய்யும் அந்தப் பெண்ணை ஒரு முறைதான் சந்தித்தேன். சுவிஸில் பிறந்த தமிழ்ப் பெண்; முப்பது வயதிருக்கும். நான் கொடுத்த ஒவ்வொரு கடதாசியையும், வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து நகர்த்தி, இரண்டு தரம் வாசித்தார்.

எங்கள் கூரையைத் திருத்திய ஒப்பந்தக்காரர், கூலியில் பிணக்குப்பட்டு, அது தீரும்வரை வீட்டை ஈடாகக் காட்டும் தற்காலிகப் பிணை ஒன்றை நீதிமன்றம் மூலம் பதிந்திருந்தார். அது நீங்காமல் வங்கி கடனைப் புதுப்பிக்காது. வீடே போய்விடும் என்ற பயத்தில் எனக்கு நித்திரை இல்லை. அதைப் பற்றி வந்த நீதிமன்றக் கடிதத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"அண்ணை, ஒப்பந்தக்காரர் வழக்குப் போடுறதுக்கு நீதிமன்றம் குடுத்த தவணை போன வருசமே முடிஞ்சுது. அவர் போடேல்லை. இந்தப் பிணை இனிச் செல்லாது."

"அப்ப ஏன் இன்னும் பதிவிலை கிடக்குது?"

"எடுக்கச் சொல்லி நீங்கள் கேக்கேல்லையே. ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?"

"அரசாங்கக் கந்தோர் எண்டாலே பயம், பிள்ளை. அகதியா வந்த நாளிலையிருந்து அப்பிடித்தான். கேக்கப்போய் வேறை ஏதும் கிண்டுவினமோ எண்டு..."

அவர் விண்ணப்பம் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார்.

"அப்பாவும் உப்பிடித்தான். அவருக்கு வாற கடிதங்களை நான்தான் உடைக்கிறனான்" என்றபடி, விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினார்.

பிணை நீங்கிய அறிவித்தல் இரண்டு கிழமையில் வந்தது. அந்த உறையை உடைக்க எனக்கு மூன்று நாள் சென்றது. அந்தப் பெண்ணின் தகப்பன் கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டே உடைத்தேன்.