கானில் விழாத நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு முப்பத்தைந்து வயதில் ஒரு முறையும் நாற்பத்தைந்தில் ஒரு முறையும் மிட்வைஃப் அம்மா பெயரும் தேதியும் எழுதிய துண்டு கொடுப்பார். பசறையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் மார்பையும் கர்ப்பப்பை வாயையும் சோதித்துக்கொள்ள வேண்டும். வலி எதுவும் வருவதற்கு முன்பே செய்துகொள்ளும் சோதனை அது.

முப்பத்தைந்தில் எனக்குத் திரும்பத் திரும்ப மூன்று துண்டுகள் வந்தன. மூன்று தடவையும் நான் போகவில்லை. என் கணவரின் அடி உடுப்பு மறைக்கிற இடத்தில்தான் விழும். முகத்தில் அடித்தால் வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே. கன்றிய இடம் ஆறட்டும், பிறகு போகலாம் என்று இருப்பேன். ஆறுவதற்குள் அடுத்தது விழும். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன்: கொழுந்து எடுக்கும்போது கானில் விழுந்துவிட்டேன். மலையில் தண்ணீர் ஓட வெட்டிய கானில் யாரும் விழலாம்தானே.

நாற்பத்தைந்தில் மறுபடியும் துண்டு வந்தது. என்னோடு கொழுந்து எடுப்பவர்களில் இன்னும் ஐந்து பேருக்கும் வந்திருந்தது. வீட்டில் அவர் விட மாட்டார் என்று அந்த ஐவரில் ஒருத்தியான, ஒரே சுவருக்கு மறுபக்கம் இருக்கும் பக்கத்துக் காம்பராக்காரியிடம் சொன்னேன். வாய் ஓயாதவள் அவள். அன்று பின்னேரமே மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு மதினி எங்களோட பசறைக்கு வருது. சோறு நீங்களே ஆக்கிக்கங்க."

அவர் ஐந்து முகங்களையும் பார்த்தார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் ஆறு பேரும் திருவிழாச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். யாருக்குக் கல்யாணம் என்று கண்டக்டர் கேட்டார். எங்கள் ஆறு பேருக்கும்தான் என்று காம்பராக்காரி சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நானும் சத்தமாகச் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

கிளினிக்கில் அவள்தான் முதலில் போனாள். நாலு கொழுந்து கிள்ளுகிற நேரம்தான் ஆனது என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். என் முறை நெருங்கியது. தொடையில் இரண்டு நாள் முன்பு பட்ட அடி நீலமாகக் கிடந்தது. பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறேன் என்று எழுந்தேன். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மதினி, நம்ம சுவரு கூரை வரைக்கும் இல்ல. இத்தன வருசமா எங்களுக்குக் கேக்காமலா இருக்கும்? உள்ள போங்க."

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. காது பக்கத்திலேயே படுத்திருந்தவர்களிடமா இத்தனை காலம் மறைத்தேன்?

உள்ளே மிட்வைஃப் அம்மா நீலத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா இது என்று கேட்டார். கான் நாக்கு நுனி வரை வந்தது.

"வீட்டுக்காரரு" என்றேன்.

மிட்வைஃப் அம்மா போர்வையை இழுத்துக் காலை மூடினார். சோதனையைச் செய்யலாமா, இன்னொரு நாள் வருகிறாயா என்று கேட்டார். இன்றைக்கே செய்யுங்கள் என்றேன். உண்மையிலேயே நாலு கொழுந்து நேரம்தான். முடிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த அடியைப் பற்றிப் பேசவே பதுளை ஆஸ்பத்திரியில் ஆள் இருப்பதாகச் சொல்லி, ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்.

வெளியே ஐந்து பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். முடிந்தது என்றேன். அவ்வளவுதான், கடைக்குப் போய் ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கினோம். எனக்கு இரண்டு ரோல்ஸ் வைத்தார்கள். இரண்டையும் சாப்பிட்டேன்.

சில வாரங்களில் முடிவு வந்தது. குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் அதற்குள் மாறிவிடவில்லை. ஆனால் பதுளைக்குப் போகும் நாளை இந்த முறை நானே அவரிடம் சொன்னேன். என்ன பதில் வருமோ என்று நிற்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.