லிஸ்பனில் ஒரு பிடி மண்

றோசாவோடு வாய் கொடுத்து வென்றவர்கள் மொன்றியலில் இல்லை. ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் அவளுக்கு நெடுங்காலமாக வேலை. பிரெஞ்சில் அவள் முதன்முதலில் பாடமாக்கிய வசனம் "தூஷே பா, மதாம்", அதாவது தொடாதையுங்கோ அம்மா என்பது. தக்காளியை அமத்திப் பார்க்கிற கைக்கு அந்த வசனத்தோடு ஒரு தட்டும் விழும். முதலாளி இத்தாலிக்காரன், வாட்டசாட்டமான ஆள். அவனே அவளுக்கு இடம் விட்டுத்தான் பெட்டி அடுக்குவான்.

கணவன் யோசெப் இருந்த காலத்தில் வீட்டில் ஒரு குரல்தான் கேட்கும். அது யோசெப்பின் குரல் அல்ல. அந்த மனிதன் மாரடைப்பில் போனபோது, அடக்கம் முடிந்து சாப்பிட இருந்த இடத்திலும் றோசா கறிக்கு உப்பில்லை என்று சத்தம் போட்டாள். சமைத்தவள் றோசாவின் தம்பி அருமைராசாவின் மனைவி மரியம்மா. அவள் அகப்பையை வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னாள்.

"உங்கடை வாய்க்குப் பயந்துதான் மச்சாள், அண்ணை வெள்ளனப் போய்ச் சேர்ந்தவர்."

அன்றோடு இருவருக்கும் கதை பேச்சு அறுந்தது. ஒரே கோயில், ஒரே தமிழ்ப் பூசை. ஒருத்தி வலப்பக்க வாங்கில் இருந்தால் மற்றவள் இடப்பக்கம். பூசை நடுவில் பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தால் இரண்டு பேரும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

றோசாவுக்கு ஒரே பிள்ளை, ஜென்சி. சென்ட் லோரனில் ஒரு கார்டறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தைகளைப் பார்க்கிறாள். முப்பத்துநாலு வயது. அவளுக்குப் பேசிய கலியாணம் மூன்று குழம்பிவிட்டது. முதலாவது ரொறன்ரோ, அடுத்தது பாரிஸ், மூன்றாவது ஆற்றுக்கு அந்தப்பக்கம் லொங்குய்ய். மூன்றும் ஒரே மாதிரித்தான். படம் பிடிக்கும், வேலை பிடிக்கும், நாள் பார்க்கிற அளவுக்கு வரும், பிறகு ஒரு பின்னேரம் போன் வரும், சரிவராது என்று. லொங்குய்ய்க்காரரை மட்டும் றோசா விடவில்லை, துருவித் துருவிக் கேட்டாள். மாப்பிள்ளையின் தாய் கடைசியில் வாய் திறந்தாள்.

"உங்கடை ஆக்களிலை ஒரு பொம்பிளை போன் எடுத்து, இது வேண்டாம் எண்டு சொன்னவ. அதுக்குமேலை என்னட்டைக் கேளாதையுங்கோ."

கேட்க என்ன இருக்கிறது? றோசாவின் கணக்கில் உலகத்தில் ஒரு பொம்பிளைதான் இருந்தாள்.

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவளுக்கு இப்படியான அநியாயத்துக்கு என்ன செய்வது என்று தெரியும். மண்ணள்ளித் திட்டவேண்டும். இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, ஆளின் வாசலில் எறிந்து, வயிறெரிந்து சொன்னால் அது போய்ப் பிடிக்கும். ஆனால் அது மார்ச் மாதம். மரியம்மாவின் கட்டிடத்து வாசலில் றோசா குனிந்து பார்த்தபோது பனி கொங்கிறீற்றாக இறுகிக் கிடந்தது, அதற்குக் கீழே மண்ணும் அப்படித்தான். பனியை அள்ளித் திட்டினால் பலிக்குமா என்று ஒரு கணம் யோசித்தாள். உருகிப்போகிற சாமானை நம்பமுடியாது. அள்ளாமலே பஸ் ஏறினாள்.

அந்த ஞாயிறு பாதர் ஒரு அறிவித்தல் வாசித்தார். உயிர்ப்புத் திருநாள் முடிய போர்த்துக்கலில் பாத்திமா மாதா கோயிலுக்கு யாத்திரை, முதல் நாள் லிஸ்பன் பழைய நகரம், அங்கே அந்தோனியார் பிறந்த வீடு இருந்த இடத்தில் கட்டிய கோயில். றோசா அன்றைக்கே பெயர் கொடுத்தாள். மரியம்மாவும் கொடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. குற்றவாளி தன் காலிலேயே நடந்து வருகிறாள். தாயைத் தனியே விட்டால் யாரோடாவது பிரச்சினை வரும் என்று பயந்து ஜென்சியும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள்.

லிஸ்பனின் பழைய நகரம் றோசாவுக்குப் பிடிக்கவில்லை. ஏற்றமும் படியும், படி முடிந்தால் மறுபடி ஏற்றம். வழுக்குகிற வெள்ளைக் கல். இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டிய ஒழுங்கை. அதற்குள்ளே மஞ்சள் ட்ராம் ஒன்று மணியடித்து மனிசரை விரட்டுகிறது. மேலே பார்த்தால் காயப்போட்ட உடுப்பு. எல்லாரும் ஆவென்று படம் எடுத்தார்கள். "ஒழுங்காய் ஒரு றோட்டுப் போடத் தெரியாத சனம்," என்றாள் றோசா.

அந்தோனியார் கோயிலில், அவர் பிறந்ததாகச் சொல்லும் நிலக்கீழ் அறைக்குள் ஒவ்வொருவராக இறங்கிச் செபித்தார்கள். பிறகு கூட்டம் மேலே பேராலயத்துக்கு ஏறத் தொடங்கியது. மரியம்மாவுக்கு முழங்கால் நோ. தான் பிறகு வருவதாகச் சொல்லி வாசற்படியில் இருந்துவிட்டாள். இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று றோசாவும் பின்தங்கினாள். தாயைக் காணாமல் ஜென்சி திரும்பி வந்தாள்.

மண்தான் இல்லை. றோசா அங்கும் இங்கும் தேடினாள். கல்லுக்குக் கல் நெருக்கமாகப் பதித்து, நகம் நுழைய இடமில்லாமல் செய்து வைத்திருந்தார்கள். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படியில் சிவப்புப் பூச்சட்டி ஒன்று இருந்தது. செடியை ஒரு கையால் பிடித்திழுத்து, மற்றக் கையால் சட்டிக்குள் இருந்து ஒரு பிடி அள்ளினாள். சன்னலில் நின்ற கிழவி தன் பாசையில் கத்தத் தொடங்கினாள். "தூஷே பா" என்று பதிலுக்கு ஒரு சத்தம் போட்டுவிட்டு றோசா கோயில் வாசலுக்கு நடந்தாள்.

"அந்தோனியாரே, நீர் பிறந்த வாசலிலை நிண்டு கேக்கிறன்," என்றாள். மண் மரியம்மாவின் காலடியில் சிதறியது. "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பினவள் நல்லாய் இருக்கப்படாது. தனிச்சுக் கிடக்கவேணும். சாகேக்கை ஒரு சொட்டுத் தண்ணி பருக்க ஆளில்லாமல் கிடந்து சாகவேணும். நீர்தான் பாத்துக் குடுக்கவேணும்."

மரியம்மா எழும்பவில்லை. செருப்பில் விழுந்த மண்ணைத் தட்டினாள். "நான் ஒருத்தருக்கும் போன் எடுக்கேல்லை, மச்சாள். உங்கடை வீட்டு விசயத்தை நினைக்க எனக்கு நேரமில்லை."

"பொய் சொல்லாதை. பொம்பிளைக் குரல் எண்டு அவையே சொன்னவை."

"நான்தான் அம்மா," என்றாள் ஜென்சி.

றோசாவுக்கு விளங்கவில்லை. ஜென்சி பக்கத்தில் வந்து நின்று, கார்டறிப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னாள். "மூண்டு வீட்டுக்கும் நான்தான் எடுத்தனான். எனக்குக் கலியாணம் வேண்டாம்."

"அதை எனக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்."

"உங்களுக்குச் சொல்லிறதைவிட முன்பின் தெரியாத மூண்டு குடும்பத்துக்குச் சொல்லிறது லேசு அம்மா."

றோசா அப்படியே குந்திவிட்டாள். படிக்கற்களுக்கு மேலே கிடந்த மண்ணை இரண்டு கையாலும் கூட்டி அள்ளத் தொடங்கினாள். கூட்டக்கூட்ட அது கல் இடுக்குக்குள் போனது. திட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள் திட்டினதைத் திருப்பி எடுக்கும் வழியை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. திட்டு பிள்ளையின் தலையில் அல்லவா விழுந்துவிட்டது? கிழவி சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து தலைக்கு மேலே நின்று ஏசினாள். முதன்முறையாக ஒருத்தி தன்னை ஏச ஏச, றோசா நிமிராமல் மண்ணையே பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மொன்றியலுக்குத் திரும்பி வந்த மாதமே ஜென்சி லொங்குய்ய்யில் தனியாக ஒரு அப்பார்ட்மெண்ட் எடுத்துக்கொண்டு போனாள். தனிச்சுக் கிடக்கவேணும் என்று தான் சொன்ன சொல் றோசாவின் காதுக்குள்ளேயே நின்றது. பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லி அழுதாள். கடவுள் இப்படியான மன்றாட்டைக் கேட்பதில்லை என்றார் பாதர். அவர் படித்த மனிதர், மண்ணைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

யோசித்து யோசித்துக் கடைசியில் றோசா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். குழப்பியவள் மீதுதான் திட்டு. குழப்பியவள் மரியம்மா என்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஜென்சி மாமியைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். அவ்வளவுதான். ஊர் முழுக்க அப்படிச் சொன்னால் அந்தோனியாரும் அப்படித்தானே எடுத்துக்கொள்வார்? சந்தையில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற மண்டபத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னாள். சனம் மரியம்மாவை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரியம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு மண்டபத்தைக் குறுக்கே நடந்து றோசாவின் மேசைக்கு வந்தாள். இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள்.

"ஓம், நான்தான் போன் எடுத்தனான்," என்றாள் எல்லாருக்கும் கேட்க. "மூண்டு வீட்டுக்கும்."

பிறகு குனிந்து, றோசாவுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "உங்கடை திட்டு பெட்டையிலை விழாமல் என்னிலை விழட்டும். உங்கடை வயித்திலை வந்து பிறந்தது அதின்ரை குற்றமில்லை. ஆனால் நான் செத்தால் என்ரை செத்த வீட்டுக்கு வந்திடாதையுங்கோ."

கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

றோசா அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. லிஸ்பனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு வந்தது. இத்தனை வருடத்தில் மரியம்மாவை அவள் இவ்வளவு வெறுத்ததில்லை.