செல்வி அன்ரியை நான் தூக்கிய வெள்ளிக்கிழமை

1

"இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள சொந்தப் பேர் இல்லாத ஐடி எல்லாத்தையும் சைட்டில இருந்து தூக்கு" என்றார் சிவா அண்ணை.

2011. சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியிலிருந்து தமிழருக்கான ஒரு சோஷியல் சைட் நடத்தினோம். சிவா அண்ணை முதலாளி. நான் பதிவுகளைக் கண்காணிக்கும் மொடரேட்டர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குக் கதிரையில் இருந்து செய்யக் கிடைத்த முதல் வேலை. போனால் திரும்பவும் கோழித் தொழிற்சாலைதான்.

"விளம்பரம் தாறவைக்கு உண்மையான ஆக்கள் வேணுமாம்."

"சனம் போயிடும் அண்ணை."

"நல்ல சனம் நிக்கும். நீ சும்மா பயந்து சாகாத."

என் பயம் வேறு. தொடக்கத்தில், சைட்டில் ஆட்கள் இருப்பதுபோல் காட்டக் கொஞ்சம் பொய் ஐடி செய்யச் சொன்னவரும் அவர்தான். பதினொன்று செய்தேன். பத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. பதினோராவது, செல்வி அன்ரி. அவ வளர்ந்துவிட்டா! வாடகைக்கு ரூம் எங்கே, எந்த டொக்டர் தமிழ் கதைப்பார் என்று சிட்னியும் மெல்பேர்னும் அவவைத்தான் கேட்டன. பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் நாலு பேருக்குப் போன் அடித்து விசாரித்த பிறகே பதில் எழுதுவேன். அதனாலேயே அவ சொன்னால் சரி என்று பெயர். அந்தப் பொய் ஐடிகளை எப்போதோ நிறுத்திவிட்டேன் என்றுதான் சிவா அண்ணை நினைத்திருந்தார்.

நாலு ஐம்பதுக்கு அவவையும் தூக்கினேன்.

2

திங்கள் காலை, மூன்று பக்கம் ஓடும் ஓன்லைன் பட்டியல் அரைப் பக்கத்தில் அடங்கியது. படகில் வந்து விசாவுக்குக் காத்திருந்த பெடியள் ஒருவரும் இல்லை. அவர்கள் எப்படிச் சொந்தப் பெயரைப் போடுவார்கள்?

ஆபீஸ் போன் அடித்தது. ஒரு பெண்.

"தம்பி, செல்வி அன்ரியைக் காணேல்லை. ஆஸ்பத்திரியிலோ? நாங்கள் இப்ப ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போறம். அவவின்ர பேரில ஒரு அர்ச்சனை செய்வம். நட்சத்திரம் தெரியுமோ?"

பதற்றத்தில் வாய் முந்திவிட்டது. "பூரட்டாதி."

எதிரே சிவா அண்ணை நிமிர்ந்தார். போனை வைத்ததும் கேட்டார்.

"அவவின்ர நட்சத்திரம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அது... என்ர நட்சத்திரம் அண்ணை."

முடிந்தது வேலை என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்தது.

"அப்ப மெல்பேர்னில, கிளென் வேவர்லியில எந்தத் தெருவில வீடு எடுத்தா நல்ல ஸ்கூல் கிடைக்கும் எண்டு சொன்னதும் நீயோ?"

"அது கறுத்தக்கொழும்பான் எண்டு மாம்பழப் பேரில இருந்த ஐடி கேட்டதெல்லோ?"

"அது நான்தான்ரா! தங்கச்சி குடும்பத்துக்குக் கேட்டனான். என்ர பேரில கேட்டா விடிய முதல் சிட்னி முழுக்கக் கதைக்கும்." பிறகு மெல்ல, "அதையும் தூக்கிப் போட்டியோ?"

"ஓம் அண்ணை. செல்வி அன்ரிக்கு முதல்."

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். மத்தியானத்துக்குள் விதியை மாற்றினோம்: விளம்பரம் போடுபவருக்கு மட்டும் சொந்தப் பெயர், கேள்வி கேட்பவர் எந்தப் பெயரிலும் வரலாம். நீக்கிய எல்லாரையும் திரும்ப ஏற்றினேன், செல்வி அன்ரியையும் மற்றப் பத்துப் பொய்களையும் தவிர. அவ நான்தான், பயத்தில் சொல்லவில்லை, நட்சத்திரமும் என்னுடையதுதான் என்று எழுதி, என் சொந்தப் பெயரில் போட்டேன். பின்னேரம் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. எழும்பி நின்று கத்தினேன்!

இன்று இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு விதியைப் போட முன்னர், அதைப் போடுகிறவர் எந்தப் பெயரில் கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள்.

என் பதிவுக்கு முதல் பதில் போன் அடித்த அந்தப் பெண்ணுடையது: "அர்ச்சனை செய்தாச்சு தம்பி. நட்சத்திரம் சரிதானே, உங்களுக்குச் சேர்ந்திருக்கும். இனிப் பயப்பிடாதேங்கோ. சரி, இங்க ஒரு ரூம் வேணும், ஆரைக் கேக்கலாம்?"