கல்யாணக் காரின் டைனமோ

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூரிலுள்ள என் பட்டறைக்கு தன் அந்தக் காலத்துக் காரை ஒரு பெரியவர் ஓட்டிக்கொண்டு வருவார். சலவைச் சட்டை, கிரீஸ் படிந்த விரல்கள். ஊரில் மாப்பிள்ளை அழைப்பென்றால் அந்தக் கார்தான்.

மறுபடியும் டைனமோவில் பேரிங் தேய்ந்து கீச்சிட்டது. இந்த முறை டைனமோவைச் சுழற்றும் பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். கம்பி மாதிரி விறைத்திருந்தது.

“ஏங்க இப்படி இறுக்குறீங்க? இந்த இழுப்புலதான் பேரிங் தேயுது.”

“பெல்ட் நழுவி மாப்பிள்ளையோட நடுரோட்டுல நிக்கக்கூடாதுல்ல தம்பி? கிளம்புறப்பல்லாம் கொஞ்சம் இறுக்கிக்குவேன்.”

“இனிமே தொடாதீங்க.”

“சத்தியமா மாட்டேன்” என்று நெஞ்சில் கை வைத்தார்.

புதுப் பேரிங்கோடு கார் சத்தமில்லாமல் போனது. தெருமுனையில் நின்றது. இறங்கினார், சுற்றுமுற்றும் பார்த்தார், பானெட்டைத் திறந்து ஸ்பேனரை உள்ளே விட்டார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவருக்கென்று இன்னொரு பேரிங்கை அன்றைக்கே வாங்கி வைத்துவிட்டேன்.