கத்தரிக்காய்க் கறியோடு போன அப்பம்

தொண்ணூறுகளில், சுவிஸ் நாட்டு லோசானில், எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்குக் கட்டடம் கிடையாது. எங்கள் வீட்டு முன்னறைதான் சபை. ஞாயிறு காலையில் பாய் விரித்து, கீழ்வீட்டு மதாம் கதவைத் தட்டாத அளவு மெதுவாகப் பாடுவோம்.

"ஆதிச் சபையும் வீடுகளிலதானே கூடினது. அவைக்கும் கீழ்வீட்டுக்காரர் இருந்திருப்பினம்" என்பார் போதகர் ஐயா. அந்த மனிதரின் பேச்சைக் கேட்கவே நான் நேரத்தோடு பாய் விரிப்பேன்.

எங்களில் ஒரு அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. திடீரென்று எல்லா ஞாயிறும் அவருக்கு வேலைநாளாகிவிட்டது. இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் திருவிருந்துக்கு வர வழியில்லை. என் மனைவியைப் பேருந்தில் கண்டபோது, "நீங்கள் அப்பம் எடுக்கிற நேரம் நான் அங்க ஆருக்கோ சூப் தீத்திக்கொண்டிருக்கிறன். இனி என்னை உங்கட ஆளெண்டு சொல்லாதேங்கோ" என்று சிரித்திருக்கிறார். சிரிப்பு முடியுமுன் கண் கலங்கிவிட்டதாம்.

மனைவி அதைச் சபையில் சொன்னாள். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"ஆதிச் சபைக் காலத்தில வர ஏலாத ஆக்களுக்கு அப்பத்தைக் கொண்டுபோய்க் குடுத்தவை. நாங்கள் வாசிச்சதோட விட்டிட்டம். தம்பி, நீர் கொண்டுபோம்."

எங்களுக்குத் திருவிருந்து அப்பம் கடையில் வாங்கும் பாண், ரொட்டிதான். அதில் ஒரு துண்டை வெள்ளைத் துணியில் சுற்றினேன். மனைவி குறுக்கே வந்தாள். "ஒரு ஆளைப் பாக்கப் போகேக்க இவ்வளவோடயோ போறது?" சாப்பாட்டுப் பெட்டியில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் ஏறின. திருவிருந்தோடு கறியா என்று நான் ஐயாவைப் பார்த்தேன்.

"ஆதிச் சபையாக்களும் ஒண்டா இருந்து சாப்பிட்டவைதான். கறியும் போகட்டும்!"

இல்லத்தின் சலவை அறையில், இடைவேளையில், அக்கா கையைத் துடைத்து, கண்மூடி ஜெபித்து அப்பத்தை எடுத்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். "கர்த்தரோட கத்தரிக்காயும் வந்திருக்கோ, தம்பி?" ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு விடிய, வேலைக்குப் போகிற வழியில் பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுப்பார்களா? உள்ளே அவர் சுட்ட பாண். தேநீருக்கு வெட்ட மனைவி கத்தியை எடுத்தாள். நேரத்தோடு வந்திருந்த ஐயா மறித்தார்.

"பொறு பிள்ளை. அந்தக் காலத்தில சனம் தங்கட வீட்டு அப்பத்தைத்தான் கொண்டுவந்து வைச்சது. கடைப் பாணை எடுத்து வை. இண்டைக்கு இதுதான்."

அன்று நாங்கள் எல்லோரும் அந்தப் பாணில்தான் பங்கெடுத்தோம். அக்காவின் துண்டை நான் இல்லத்துக்குக் கொண்டுபோனேன். வாயில் வைத்தவர் நிமிர்ந்தார்.

"இது என்ர பாண் எல்லோ?"

"ஓம் அக்கா. அதைத்தான் எல்லாரும் எடுத்தனாங்கள்."

சலவை இயந்திரத்தைப் பிடித்தபடி மற்றக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"உப்புக் கூடிப்போச்சு. ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. சொல்லிப்போட்டுத்தான் எடுத்தவை."

"அப்ப வாற கிழமைக்குக் குறைச்சுப் போடுறன்" என்றார், எங்கள் ஆள்.