கருவாடு எழுதிய பரீட்சை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மரக்காணம் பக்கத்தில் ஒரு குப்பத்துக் கடலில் நான் மூழ்கினேன். பதறாதீர்கள்... ஒப்புக்கொண்டுதான் மூழ்கினேன். அன்று ஒரு நாய்க்குப் பரீட்சை. நான்தான் கேள்வித்தாள்.

நாயின் பெயர் கருவாடு. கன்றுக்குட்டி உயரம், கரி நிறம். பெரிய முதலியார்சாவடியில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் ஒருவர் லேப்ரடார் என்று ஆசையாக வாங்கினார். குட்டி வளர வளர, சோறு போட்டு மாளவில்லை. குப்பத்து அஞ்சலை கேட்டதும் 'அப்பாடா' என்று கொடுத்துவிட்டார். குப்பத்துக்கு வந்த அன்றே பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த நெத்திலியை மொத்தமாகத் தின்று தீர்த்ததால் இந்தப் பெயர். 'கருவாடு... கருவாடு...' என்று அஞ்சலை கூப்பிட்டுக்கொண்டு போனால், ஈசிஆரில் காரை நிறுத்தி 'கிலோ என்ன விலை?' என்று கேட்கிறவர்களும் உண்டு.

அஞ்சலை லைஃப் கார்டு. குப்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, சனி ஞாயிறுகளில் சென்னைக் கூட்டம் குளிக்க வரும் கடற்கரையில் வேலை. ஆரஞ்சு பனியன், கழுத்தில் விசில், அலைக்கு முன்னால் ஒற்றை ஆளாக நிற்பாள். போன வருடம் இரண்டு காலேஜ் பையன்கள் அலையில் மாட்டிக்கொண்டார்கள்.

"ஒருத்தனை முடியைப் பிடிச்சு இழுத்தாந்து போட்டேன் சார். திரும்ப உள்ள போனேன். இன்னொருத்தன் இல்ல. எனக்கு இருக்கறது ரெண்டு கை. ரெண்டு பேர் போனா நான் யாரை எடுக்கறது?"

அந்தக் கேள்விக்கு அஞ்சலை தானே ஒரு பதில் தேடினாள். நாய் வளர்த்தாள். ஒரு வருடமாகக் கயிற்றைக் கவ்வ, மிதவையைக் கொண்டுபோய்க் கொடுக்க, ஆளின் கையை வலிக்காமல் பிடித்து இழுத்து வர... எல்லாம் பழக்கினாள்.

ஆனால், பரீட்சை பாஸ் பண்ணாத நாய் டூரிஸ்ட் கடற்கரையில் நிற்கக்கூடாது. பரீட்சை வருடத்துக்கு ஒருமுறைதான். ஃபெயில் என்றால் இன்னும் ஒரு வருடம் அதே கூட்டம், அதே ரெண்டு கை.

பரீட்சை வைக்க வந்தவர் ஜெயராஜ். மோப்ப நாய்களைப் பழக்கி ரிட்டயர் ஆனவர். தொப்பி, விசில், விறைப்பு. "டாக் நேம்?" என்றார். "கருவாடு சார்" என்றாள் அஞ்சலை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

முதலில் கயிற்றைக் கவ்விப் படகை இழுக்க வேண்டும். இழுத்தது. அடுத்து மிதவை. அதுவும் ஆயிற்று. கடைசிதான் பெரிய பரீட்சை. நாய்க்குப் பழக்கமில்லாத ஒருவர் கடலில் மூழ்குவதுபோல் நடிக்க வேண்டும். கையை ஆட்டிக் கத்த வேண்டும்; வழக்கமாக 'காப்பாத்துங்க' என்றுதான் கத்துவார்கள். நாய் போய் அவரை இழுத்து வர வேண்டும். அதுவரை கரையிலிருந்து வேறு யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் கேன்சல்.

மூழ்குவதற்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து குமார் என்ற மீனவர் வந்திருந்தார். அலையைத் தாண்டிப் போனார். கட்டிலில் படுக்கிறமாதிரி தண்ணீரில் மல்லாந்து படுத்தார். சத்தமே இல்லை.

"கத்துப்பா" என்றார் ஜெயராஜ். குமார் கையை மட்டும் ஆட்டினார். நாய் அவரைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, உட்கார்ந்துவிட்டது. தப்பு சொல்ல முடியாது. அவ்வளவு சுகமாகப் படுத்திருப்பவரை எதற்குக் காப்பாற்ற வேண்டும்?

திரும்பி வந்த குமார் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "அது மட்டும் ஆவாது சார். கடல்ல இருந்துக்கிட்டு அந்த வார்த்தைய சும்மா சொல்ல மாட்டோம். அது காதுல விழுந்தா போட்டது போட்டபடி ஓடியாருவோம். வெளையாட்டுக்குக் கத்திப் பழகிட்டா, நாளைக்கு நெஜமா கத்தறப்ப எவன் வருவான்?"

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார் ஜெயராஜ். எல்லோரும் வலையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் வேடிக்கை பார்த்து எழுதப் போனவன் ஐயா.

"சாருக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கரெக்டான ஆள்" என்றார் ஜெயராஜ்.

அஞ்சலையின் முகத்தைப் பார்த்தபிறகு எப்படி மாட்டேன் என்பது? லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, ஃபைபர் படகில் கூட்டிப் போய், அலைக்கு அந்தப்பக்கம் இறக்கிவிட்டார்கள். படகு தள்ளிப் போய் நின்றது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். குமார் சொன்னது குறுக்கே வந்தது. பொய்யாகக் கத்தலாமா, கூடாதா... என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஓர் அலை வந்தது. ஜாக்கெட் மூக்குவரை ஏறிக்கொண்டது. காலுக்கடியில் தரை இல்லை. ஒரு உப்பளப் பாத்திக்கு ஆகிற தண்ணீரை ஒரே வாயில் குடித்தேன். செத்தோம் என்றே நினைத்தேன்.

"காப்பாத்துங்கப்பா..."

சத்தியமாகச் சொல்கிறேன், அது நடிப்பு இல்லை.

கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு பெரிய கறுப்புத் தலை. என் மணிக்கட்டைப் பதமாகக் கவ்வியது. நாயின் முதுகு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் கரைப்பக்கம் பார்த்தேன். வலையைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் கடலுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். லுங்கி மடித்தவர்கள், மடிக்காதவர்கள்... எல்லோருக்கும் முன்னால் குமார். நாய் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னைக் கரையில் கொண்டுவந்து போட்டது.

"இது பரீட்சைன்னு உனக்குத் தெரியும் இல்ல?" என்று குமாரிடம் கேட்டார் ஜெயராஜ்.

"தெரியும் சார். காலுக்குத் தெரியல."

மணலில் கிடந்த எனக்கு எங்கள் அபார்ட்மென்ட் ஞாபகம் வந்தது. கார் அலாரம் அடித்தால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். தெருவில் யாராவது அலறினால் 'ரீல்ஸ் எடுக்கிறாங்கபோல' என்போம். எங்கள் கால்களுக்கு எல்லாம் தெரியும்.

"ரூல்படி இது கேன்சல்" என்றார் ஜெயராஜ். அவர் குரலில் இப்போது விறைப்பு இல்லை. அஞ்சலை நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காப்பாற்ற ஓடி வந்தவர்களை என்னவென்று குறை சொல்வது?

"இன்னொரு தடவை செய்யலாமா சார்?" என்றது ஒரு குரல். யாருடையது என்று பார்த்தால் என்னுடையது.

ஜெயராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாய்க்கு நீங்க பழக்கமாயிட்டீங்களே... சரி, இதெல்லாம் ஒரு பழக்கமா. ஆனா கத்தணும். எந்த வார்த்தைன்னு ரூல்ல இல்ல."

மறுபடி படகு. மறுபடி அலை. முதல் தடவையைவிட இப்போதுதான் பயம் அதிகம், ஏனென்றால் என்ன ஆகும் என்று தெரியும். கையை ஆட்டினேன். ஆபத்தில் முப்பது வருடமாக நான் கூப்பிடுகிற பெயரைக் கத்தினேன்.

"சரோஜா..."

வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குக் கட்டாயம் புரையேறியிருக்கும். கரையில் யாரும் அசையவில்லை. குமார் மட்டும் ஒரு படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். "காலை நம்ப முடியல சார்" என்று அப்புறம் சொன்னார்.

அஞ்சலை "போ" என்றாள். கருவாடு பாய்ந்தது. நேராக என்னிடம். அதே மணிக்கட்டு, அதே பதம். கரைக்கு வந்ததும் உடம்பைச் சிலிர்த்து ஜெயராஜின் தொப்பிவரை நனைத்தது. அவர் தொப்பியைக் கழற்றி உதறினார்.

"பாஸ்."

அஞ்சலை மண்டியிட்டு நாயின் ஈரக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எழுந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"எனக்கு ரெண்டு, இவனுக்கு நாலு. இனிமே ஆறு சார்."

வீட்டுக்கு வந்ததும் சரோஜா என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "கடிச்சிடுச்சா?" என்றாள்.

"இல்ல... பிடிச்சுது."

திங்கட்கிழமை நீச்சல் கிளாஸில் பெயர் கொடுத்துவிட்டேன். என் பங்குக்கும் ஒரு ரெண்டு கை இருக்கட்டுமே.