லோ ரேஞ்சில் ஏறிய எரிமலை

முதல் நாள்

சிட்னியில் பல வருடம் பஸ் ஓட்டிய பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில்தான் நான் ஃபோர் வீல் டிரைவ் பழகினேன். பஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு சின்னச் சுற்றுலாக் கம்பனியில் சாரதியாகச் சேர்ந்திருந்தேன். பொஸ்ஸின் பெயர் கிரெக். சுகந்தினி என்ற என்னை அவர் கை கொடுத்த கையோடு ‘சூ’ ஆக்கிவிட்டார்.

அன்றைக்கே ஒரு மண்மேட்டின் உச்சியில் என்னை ஏற்றிவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “லோ ரேஞ்ச், முதல் கியர். இப்ப பிரேக்கில இருந்து காலை எடு.”

முன்னால் பார்த்தேன். பாதை தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. பஸ் சாரதியின் கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும். எடுக்க மனம் வரவில்லை.

“எடு சூ. லோ ரேஞ்ச் எண்டால் வேகம் குறைவு, பலம் கூட. எஞ்சின் பிடிச்சுக்கொள்ளும்.”

எடுத்தேன். அந்தப் பெரிய வண்டி முனகிக்கொண்டு, ஒரு கிழட்டு மாடு மாதிரி அடி அடியாக இறங்கியது. கீழே வந்து சேர்ந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. கிரெக் சிரித்துவிட்டு, “உனக்கு இந்த வேலை வரும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் பென்டில் ஹில் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு போனேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளம் சாரதிகள் என்னிடம் கேட்பது கார் சேற்றில் புதைந்த கதைகளையும் கங்காரு குறுக்கே பாய்ந்த கதைகளையும்தான். அவை நிறைய இருக்கின்றன. ஆனால் நான் இங்கே எழுத விரும்புவது யோகனை எரிமலைக்கு ஏற்றிய கதையை.

யோகனின் தொலைபேசி

எரிமலை என்றதும் நெருப்பும் புகையும் நினைக்க வேண்டாம். சிட்னியிலிருந்து மேற்கே நீல மலைகளைத் தாண்டி, கோதுமை வயல்களுக்கு நடுவில் நிற்கும் ஒரு பழைய எரிமலை அது. மனிதர் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே அணைந்துவிட்டது. தெற்குப் பக்கம் ஒரு நடைபாதை. பாறைகளில் தொற்றி ஏறவேண்டும். வடக்குப் பக்கம் ஒரு பண்ணைக்குள்ளால் போகும் ஃபயர் டிரெயில், அதாவது காட்டுத்தீ அணைக்கும் வண்டிகள் போவதற்கென்று வெட்டிய மண்பாதை. பண்ணைக்காரரோடு எங்கள் கம்பனிக்கு ஒப்பந்தம் இருந்ததால் கேற்றின் சாவி எங்களிடம் இருந்தது. ஆனாலும் பாதி மலையில் இருக்கும் ஒரு சமதரையோடு நிறுத்திக்கொள்வோம். பயணிகளை உச்சி வரை யாரும் கொண்டுபோனதில்லை.

ஒரு நாள் தொலைபேசியில் ஒருவர் தமிழில் கேட்டார்: “அக்கா, உங்கடை ஜீப் அந்த மலை உச்சிக்குப் போகுமோ?”

“போகும். ஆனா நாங்கள் போறேல்லை. ஏன் தம்பி?”

அவர்தான் யோகன். வன்னியில் சண்டை நேரம் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தவர். இப்போது சிட்னியில், மெரிலேண்ட்ஸில் இருக்கிறார். அவருடைய நண்பர்கள், எல்லாரும் தமிழர், வருடத்துக்கு ஒரு முறை அந்த மலையில் இருட்டோடு நடந்து ஏறிச் சூரிய உதயம் பார்ப்பார்கள். யோகனும் கூடப் போவார், கார் பார்க் வரைக்கும். அங்கே அடுப்பும், எஸ்கி என்ற சாப்பாட்டுக் குளிர்பெட்டியுமாக உட்கார்ந்து, அவர்கள் இறங்கி வரும்போது தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுப்பார்.

“செந்தில் எண்டு ஒருத்தன், திருச்சிக்காரன். நல்லவன். ஒவ்வொருமுறையும் எனக்கெண்டு வீடியோ எடுத்துக்கொண்டு வருவான். பாத்துப் பாத்து எனக்கு அந்த மலை பாடம்.”

“பிறகென்ன?”

“வீடியோவில குளிரில்லை அக்கா.”

அவரே தொடர்ந்தார்.

“கஷ்டப்பட்டால் நடந்தும் ஏறிப்போடுவன். ஆனா அவங்கள் எனக்காக நிண்டு நிண்டு வருவாங்கள், தூக்கவும் பாப்பாங்கள். விடிஞ்சுபோகும். அவங்கடை உதயத்தையும் நான் கெடுத்ததாப் போகும். எனக்கு அவங்களுக்கு முன்னம் மேல நிக்கவேணும். அவங்கள் வரேக்க தேத்தண்ணி சூடா இருக்கவேணும். அவ்வளவுதான்.”

கிரெக்கின் நிபந்தனை

கிரெக் ஒரேயடியாக மறுத்தார். “மேல வண்டி நிண்டுபோனால் அந்த மனுசன் நடந்து இறங்குவாரா?”

நியாயமான கேள்வி. அடுத்த வாரம் ஆளில்லாமல் தனியே போய் உச்சி வரை ஏறி இறங்கினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மழைத் தண்ணீர் பாதையைக் குறுக்காக அரித்த ஒரு பள்ளம் இருந்தது. காய்ந்திருந்தால் பயமில்லை. படங்களை எடுத்துக்கொண்டுபோய்க் கிரெக்கின் மேசையில் வைத்தேன். ரேடியோவில் பண்ணை வீட்டோடு தொடர்பு இருக்கும், எங்கள் வண்டி நின்றுபோனால் பண்ணைக்காரரின் வண்டி வரும் என்று உறுதி வாங்கியதையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் படங்களைப் பார்த்தார்.

“அந்தப் பள்ளம் ஈரமாயிருந்தால், வெளியில நிண்டு வழிகாட்ட ஒரு ஆள் இல்லாமல் கடக்கிறதில்லை. ஆள் இல்லையெண்டால் திருப்பு. சரியா?”

“சரி.”

யோகனுக்கும் இதைச் சொன்னேன். “திருப்பவேண்டி வந்தால் கோவிக்கக்கூடாது.”

“கோவிப்பன் அக்கா. மழையோடை கோவிப்பன், உங்களோடை இல்லை.”

பள்ளம்

ஏறும் நாளுக்கு முதல் இரவு யோகனும் நண்பர்களும் மலையடிவாரச் சிற்றூரில் ஒரு மோட்டலில் தங்கினார்கள். நான் பண்ணையில் தங்கினேன். படுக்கப் போகும்போது தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது.

விடிவதற்கு நிறைய முன்பே மழை விட்டுவிட்டது. நான் மோட்டலுக்குப் பின்னால் போய் நின்றேன். மற்றவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். யோகன் அவர்களிடம், “நீங்கள் போங்கோ, நான் சாமானோடை பின்னால வாறன்” என்று சொல்லியிருந்தார். வழக்கம்போல் கார் பார்க்குக்கு வருவார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆள் அகலமான தோள், நரைத்த தாடி, பெரிய எஸ்கி. ஏறும்போது உதவட்டுமா என்று கையை நீட்டினேன். எஸ்கியைத் தூக்கி என் கையில் தந்துவிட்டுத் தானே ஏறினார்.

பண்ணைக் கேற்றைத் தாண்டியதும் ரயர்களில் காற்றைக் குறைத்தேன். லோ ரேஞ்ச் போட்டேன். பாதையின் முதல் பாதி சுலபமாகப் போனது. சமதரையைத் தாண்டும்போது யோகன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். பாதை வளைந்த இடங்களில் தெற்குச் சரிவில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் தெரிந்தன. நடப்பவர்கள் தலையில் கட்டியிருந்த ரோர்ச்சுகள்.

“ஏறிட்டாங்கள்” என்றார்.

பள்ளம் வந்தது. நிறுத்தி இறங்கி ரோர்ச் அடித்துப் பார்த்தேன். நான் படம் எடுத்த பள்ளம் இல்லை இது. இரவு மழை கரையை இன்னும் தின்றிருந்தது. வலது பக்கம் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதை விலத்தினால் இடது சக்கரம் கரையின் ஓரத்தில் போகவேண்டும். ஓட்டுகிற இருக்கையில் இருந்து இடது முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. ஓரத்துக்கு அப்பால் சரிவு.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். “தம்பி, திருப்புவம்.”

அவர் வண்டி விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “வெளியில ஒரு ஆள் நிண்டு காட்டினால் போவியளோ?”

“போவன். ஆனா ஆள் இல்லையே.”

“அக்கா, நான் என்ன வேலை செய்யிறன் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை.”

உண்மைதான். காலைப் பற்றிக் கேட்டேன், மருந்து எடுக்கிறாரா என்று கேட்டேன், எவ்வளவு தூரம் நடப்பார் என்று கேட்டேன். வேலையைக் கேட்கவில்லை.

“நான் டொக்மன். கட்டட வேலையில கிரேன் ஓட்டுறவனுக்குக் கீழ நிண்டு கையால சைகை காட்டுறது என்ரை வேலை. அவனுக்குப் பாரம் எங்க இறங்குது எண்டு தெரியாது. என்ரை கையைத்தான் பாப்பான். இரும்புத் தூணை ஆணித் துவாரத்துக்கு மேல இறக்கிற ஆள் நான். இந்தச் சக்கரத்தை அந்தக் கரையில வைக்கேலாதோ?”

“ஈரக் கல்லு. பொய்க்கால்...”

“பொய்க்கால் வழுக்கினால் எனக்கு நோகாது” என்றார். சிரிக்கவில்லை. அதனால் நான் சிரித்துவிட்டேன்.

என் ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட்டைக் கொடுத்தேன். முன்சக்கரங்கள் தெரியும்படி வண்டிக்கு முன்னால், மேட்டுப் பக்கக் கரையில், வண்டி வழுக்கினாலும் அவர் மேல் வராத இடமாகப் பார்த்து, மிதித்துப் பரிசோதித்த ஒரு தட்டையான கல்லில் அவரை நிற்கச் சொன்னேன். அங்கேயிருந்து அசையக்கூடாது என்றேன். “ஓம்” என்றார். ரயர் வழுக்காமல் பிடிக்கும் இரண்டு ரிகவரி பலகைகளைப் பள்ளத்தின் அடியில் போட்டேன். அவர் பார்த்து, “இடதை ஒரு சாண் உள்ளுக்கு” என்றார். நகர்த்தினேன்.

ஏறி உட்கார்ந்தேன். வெளிச்சத்தில் அவருடைய கைகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவை மாறிவிட்டிருந்தன. தொலைபேசியில் கெஞ்சாமல் கெஞ்சிய மனுசனின் கைகள் இல்லை அவை. வா என்றது வலது கை. போனேன். இடது கை மெல்ல வட்டம் போட்டது, ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டியின் முன்பக்கம் கீழே போனது. பலகை முறுகியது. வா, வா. ஒரு பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது எனக்கு முதுகில் தெரிந்தது. அந்த நேரம் இரண்டு கையும் மேலே போயின: நில்.

நின்றேன். பிரேக்கை அழுத்திப் பிடித்தேன்.

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து ஒரு விரலை மட்டும் அசைத்தார். வலது பக்கம், மிகக் கொஞ்சம். திருப்பினேன். இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃப் லாக்கைப் போட்டேன். வா. எஞ்சின் முனகியது, ரயர் கல்லைக் கவ்வியது, வண்டி ஒரு குலுக்கலோடு மறுகரையில் ஏறி நின்றது.

நான் கதவைத் திறந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. யோகன் அந்தக் கல்லில் நின்றபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். அது சைகை இல்லை.

உச்சி

நாங்கள் உச்சிக்குப் போனபோது கிழக்கில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. குளிர் காதைக் கடித்தது. யோகன் இறங்கி நின்று மூச்சை ஆழ இழுத்தார். “இதுதான். இதைத்தான் சொன்னனான்” என்றார்.

நான் ரேடியோவில் பண்ணை வீட்டுக்கு அறிவித்தேன். அவர்கள் கிரெக்குக்குச் செய்தி அனுப்பியிருக்கவேண்டும். என் போனில் அவருடைய பதில் வந்தது. பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘பியூட்டி’. அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

யோகன் கிழக்கைப் பார்த்த ஒரு பாறையில், நண்பர்கள் ஒவ்வொரு வருடமும் படம் எடுக்கும் அதே பாறையில், அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதிக்கும்போது கீழேயிருந்து மூச்சிரைக்கும் சத்தமும் பேச்சும் கேட்டது. முதலில் ஒரு தலை ரோர்ச் எழுந்தது. வெளிச்சம் யோகனின் முகத்தில் விழுந்து அப்படியே நின்றுவிட்டது.

“டேய்... யோகா?”

“பிந்திட்டியள். தேத்தண்ணி ஆறப்போகுது.”

“நீ எப்படிடா இங்க? கீழ இருக்கேன்னு நெனச்சோம்!” செந்தில்தான். குரல் தடுமாறியது. ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அடுப்பு கவிழப் பார்த்தது. மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

பிறகு செந்தில் என்னையும் வண்டியையும் பார்த்தார். “ஓ, ஜீப்பா! ஜீப்புல வந்தா கணக்குல சேராதுப்பா” என்றார் சிரித்துக்கொண்டு.

“கணக்கை நீ வைச்சிரு. பாறையை நான் பிடிச்சிட்டன்” என்றார் யோகன்.

எல்லாரும் சிரிக்கும்போதே சூரியன் வந்துவிட்டது. சமவெளி முழுக்க வெண்மூட்டம் நிரம்பியிருந்தது; சுற்றியிருந்த சின்ன எரிமலைக் குன்றுகளின் தலைகள் மட்டும் மேலே தெரிந்தன. வெளிச்சம் முதலில் எங்களைத் தொட்டுவிட்டு, பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. யாரோ திரும்பிப் பாருங்கள் என்றார்கள். எங்களுக்குப் பின்னால், மேற்கில், நாங்கள் நின்ற மலையின் நிழல் மூட்டத்தின் மேல் பெரிய முக்கோணமாக நீண்டு கிடந்தது.

செந்தில் பழக்கத்தில் போனைத் தூக்கினார். யாருக்காக எடுப்பது என்று யோசித்தவர் போல மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். யோகன் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தாடியில் ஆவியும் வெயிலும் படிந்திருந்தன. நான் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். சில சந்தோசங்களை ஆளுக்கே விட்டுவிடவேண்டும்.

இறங்கப் புறப்படும்போது நண்பர்களில் இரண்டு பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, “அக்கா, வண்டில இடம் இருக்கா?” என்று கேட்டார்கள். நான் யோகனைப் பார்த்தேன்.

“ஏறுங்கோ. ஆனா கணக்கில சேராது” என்றார் அவர்.

அதற்குப் பிறகு

அன்றைக்கு இறங்கும்போதும் யோகனின் கையைப் பார்த்தே பள்ளத்தைக் கடந்தேன். அடுத்த பருவத்தில் கிரெக் அந்தப் பள்ளத்தைச் செப்பனிட்டு, உச்சி உதயத்தைக் கம்பனியின் முறையான பயணமாகவே ஆக்கினார். நடக்க முடியாதவர்கள், நடக்க விரும்பாதவர்கள் என்று நிறையப் பேரை நான் அந்த மலைக்கு ஏற்றியிருக்கிறேன். வண்டியில் போவது குறுக்குவழி என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. மேலே வந்து நின்ற பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் மாற்றிக்கொண்டது ஒன்றைத்தான். பயணிகள் வண்டியில் ஏறும்போது உடம்புக்கு என்ன என்று கேட்பது எங்கள் விதி. அதோடு சேர்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்கத் தொடங்கினேன். இளையவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: உங்கள் வண்டியில் இருப்பவரால் என்னென்ன செய்யமுடியாது என்று மட்டும் தெரிந்துகொண்டு ஓட்டாதீர்கள்.

ஒருமுறை ஊன்றுகோலோடு ஒரு வயதான அன்ரி ஏறினார். மகளும் மருமகனும் இருபுறமும் தாங்கிப் பிடித்திருந்தார்கள். என்ன வேலை செய்தவர் என்று கேட்டேன். மகள் பதில் சொல்ல வாயெடுத்தார். அன்ரி கையால் அவரை மறித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பள்ளிக்கூட வாசல் குறுக்குக் கடவையில ‘ஸ்டொப்’ பலகை பிடிச்சு வாகனம் மறிச்ச ஆள், பிள்ளை, நான். ஓய்வெடுக்கும் வரைக்கும் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழேல்லை.”

அன்றைக்குப் பாதையில் ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது. அதைச் சுற்றிப் போக இடம் நெருக்கம். மருமகன் இறங்கப் போனார். அன்ரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு இறங்கி, மேட்டுப் பக்கத்தில் ஊன்றுகோலை நட்டு நின்று, மற்றக் கையை உயர்த்தினார். நான் வண்டியோடு நின்றேன். அவர் வா என்றபோது வந்தேன்.